தேத்தண்ணிக்குள் மை

காலைக் கூட்டத்தில் அந்தப் பிள்ளை சரிந்து விழுந்தபோது டிக்கோயா மலையில் பனி விலகியிருக்கவில்லை. தரம் 10இல் படிப்பவள். தூக்கி வந்து கதிரையில் இருத்தினோம். அவளுடைய பையில் கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசை இருந்தது. "இன்றைக்குப் போட்டாயா?" என்றேன். இல்லையென்று தலையசைத்தாள். எனக்கு வந்திருந்த பிளேன்டீயைக் கையில் கொடுத்து, ஒரு குளிசையை விழுங்க வைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு.

மறுநாள் தாய் வந்தார். கொழுந்து எடுக்கிறவர். "அந்தக் குளிசையப் போட்டா வயிறு எரியுதுங்க சேர். மலையில நிக்க முடியல. நான் எப்பவோ நிப்பாட்டிட்டேன். இவதான் தவறாம தேத்தண்ணியோட போடுறா. ஆனா ரத்தம் ஏறலியே!"

அந்த வார்த்தை உறுத்தியது. பின்னேரம் ஒரு குளிசையை இடித்துப் பிளேன்டீயில் போட்டுக் கலக்கினேன். சிவப்புச் சாயம் கறுத்து மையாகிவிட்டது. தேயிலையிலுள்ள தனின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட இரும்பு குடலில் உறிஞ்சப்படுவது குறைந்துவிடும். இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தவன் நான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினையால்தான். அன்னபேதி என்பதும், அநேகமான இரும்புக் குளிசைகளில் இருப்பதும் ஒரே உப்பு: பெரஸ் சல்பேற்று. கிதாபு எழுத உதவுகிற மையை ஒரு பிள்ளையின் வயிற்றுக்குள் நான் காய்ச்சியிருக்கிறேன்.

தாய் சொன்ன வயிற்றெரிவுக்கும் காரணம் தேடினேன். அந்த உப்பு கரைந்ததும் இரும்பு தனித்து நின்று குடலின் உட்சுவரை அரிக்கிறது. அதைத் தவிர்க்க, மூலிகைகளின் பல்சக்கரைட்டோடு இரும்பைப் பிணைத்துப் பார்க்கிறார்கள். பல்சக்கரைட்டு என்பது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. அது இரும்பைப் போர்த்தி, கரைந்த நிலையிலேயே வைத்து, மெல்ல மெல்ல விடும். சீன ஆய்வாளர்கள் டாங்குய் என்ற வேரிலிருந்து எடுத்த பல்சக்கரைட்டில் இப்படிச் செய்திருக்கிறார்கள். வேறு பல்சக்கரைட்டு இரும்பு மருந்துகள் கடைகளிலும் உண்டு.

இரும்பை இனிப்போடு கொடுப்பது நமக்குப் புதிதல்ல. யூனானியில் ஷர்பத் ஃபவ்லாத் இருக்கிறது. தமிழ்நாட்டில் பதின்வயதுப் பெண்பிள்ளைகள் 2,648 பேரைச் சேர்த்து, அன்னபேதிச் செந்தூரத்தோடு மாதுளை மணப்பாகும் நெல்லிக்காய் லேகியமும் பாவனக் கடுக்காயும் 45 நாள் கொடுத்திருக்கிறார்கள். குருதிச்சோகை குறைந்ததாக அறிக்கை. இவற்றில் நடப்பது அந்தச் சங்கிலிப் பிணைப்புத்தான் என்று சொல்லிவிட முடியாது. இனிப்பும் புளிப்பும் இரும்போடு சேர்ந்திருக்கின்றன, அவ்வளவே.

புதிய மருந்தென்றால் மேலானது என்றும் இல்லை. அமெரிக்காவில் குருதிச்சோகையுள்ள 80 குழந்தைகளுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், பல்சக்கரைட்டு இரும்பைவிடப் பழைய பெரஸ் சல்பேற்றே இரத்தத்தைக் கூடுதலாக ஏற்றியது. வயிற்றுக்கு இதமாக இருப்பது வேறு, இரத்தத்தில் சேர்வது வேறு.

திருமறையின் 57ஆவது அத்தியாயத்தின் பெயரே அல்-ஹதீத், இரும்பு. மனிதருக்கு அதில் பயன்கள் உண்டென்று ஓதுகிறோம். பயன் வந்து சேரும் வழியைத் தேடுவது நம்மேல் விட்ட வேலை.

தாயைத் திரும்ப அழைத்து விடயத்தைச் சொன்னேன். குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம்; தேசிக்காய்த் தண்ணியோடு போடலாம்; எரிவை மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள், சாப்பாட்டோடு போடவோ அளவை மாற்றவோ அவர்கள் வழி சொல்வார்கள் என்றேன். பிள்ளைக்குத் தேத்தண்ணியோடு விழுங்கக் கொடுத்தவன் நான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

அவர் கோபிக்கவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"விடிய ஒரு ரொட்டியும் தேத்தண்ணியுந்தானுங்க சேர். அதுவும் இல்லாம இந்தக் குளிருக்குள்ள எப்படி மலைக்கு ஏறுறது?"

விஞ்ஞானப் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. குளிசையை இராச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று மிட்வைஃபிடம் கேட்கச் சொன்னேன். அன்றுமுதல் ஆசிரியர் அறையில் என் பிளேன்டீ கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது.