பொட்டு வைக்கும் இடம்

ஜொகூர் பாருவில், மவுண்ட் ஆஸ்டின் பக்கம் ஒரு கிளினிக். சீனப் பெண் டாக்டர். அதுவரை மலாயில் பேசிக்கொண்டிருந்தவர், "பொட்டு" என்பதை மட்டும் தமிழில் சொல்லி, அதை எடுத்துவிடச் சொன்னார். நம் பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள் போலும். என் சின்னம்மா மகள் ஒட்டுப்பொட்டை உரித்து, வைக்க இடமில்லாமல் என் கைப்பேசியின் முதுகில் ஒட்டினாள்.

அவள் சிங்கப்பூர்க்காரி. அங்கே ஒரு வெள்ளி என்றால் இங்கே மூன்றுக்கு மேல். பல்லுக்கும் கண்ணாடிக்கும் பாலம் தாண்டி வருகிறவள் நெற்றிச்சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளவும் வந்துவிட்டாள். "இந்த வயசுல இது எதுக்குடி?" என்று காரிலேயே கேட்டேன்.

"வேலையிடத்துல எல்லாரும் 'ஏன் கோவமா இருக்கீங்க'ன்னு கேக்குறாங்கக்கா. நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்."

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் நெற்றியிலிருந்த அந்தக் கோடு எனக்குத் தெரிந்த கோடு. எங்கள் இருவரின் அம்மாக்களும் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முன்பு வெட்டிய பட்டையை இருட்டில் தேடித் தேடி, இரண்டு புருவத்துக்கும் நடுவே கத்தி கீறினாற்போல் இரண்டு கோடு. பொட்டு அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அம்மா என்னை அடித்ததில்லை. அந்தக் கோடு ஆழமானால் போதும், புத்தகத்தை எடுத்துவிடுவேன். மரம் வெட்டியது அவர்கள், கோடு இவளுக்கு.

ஊசியில் இருப்பது நஞ்சு. 1820களில் ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், அவர் கவிஞரும்கூட, கெட்டுப்போன சாசேஜ் தின்று செத்தவர்களை ஆராய்ந்து எழுதிய அதே நஞ்சு. சம்பளத்தன்று தோட்டத்துக் கடையில் அம்மா சார்டின் டின் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். உப்பியிருந்தால் திருப்பி வைத்துவிடுவார். உப்ப வைக்கும் கிருமிகளில் இந்த நஞ்சைச் சுரப்பதும் ஒன்று. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை அது மறித்துவிடுகிறது. மிகமிகச் சிறிய அளவில் முதலில் மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும்தான் போட்டார்கள். அமெரிக்காவில் 1989இல் அனுமதி. 1987இல் கனடாவின் வான்கூவரில், கண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒருவரின் நெற்றிச்சுருக்கமும் போய்விட்டதைக் கண் டாக்டர் ஜீன் கரத்தர்ஸ் கவனித்தார். அவர் கணவர் தோல் டாக்டர். பிறகென்ன!

வெள்ளைப் பென்சிலால் ஐந்து புள்ளி. ஒவ்வொன்றிலும் நாலு யூனிட், ஆக இருபது. எறும்பு கடித்த மாதிரி என்றாள். நான் அதற்குள் சுவரில் மாட்டியிருந்த டாக்டருக்குச் சுகாதார அமைச்சு தந்த எல்.சி.பி. அனுமதிக் கடிதத்தைப் படித்து, மருந்துப் பெட்டியில் 'எம்.ஏ.எல்' பதிவெண்ணையும் தேடிப் பார்த்துவிட்டேன். வாத்தியார் புத்தி. சும்மா இல்லை: காசு மிச்சம் பிடிக்க ஏதோ ஒரு சலூனில் ஊசி போட்டுக்கொண்ட என் தோழி, ஒரு இமை தொங்கி, சில வாரம் கறுப்புக்கண்ணாடியோடு கோயிலுக்கு வந்தாள். சலூனில் இந்த ஊசி போடச் சட்டத்தில் இடமில்லை என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

நாலு மணி நேரம் படுக்கக்கூடாது, நெற்றியைத் தேய்க்கக்கூடாது. மூன்று நான்கு மாதத்தில் நரம்பு விழித்துக்கொள்ளும். மறுபடி பாலம் தாண்ட வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துப் பேரனோடு வந்தாள். நெற்றி வழவழவென்று இருந்தது, பொட்டு தனியாக நின்றது. அழகாகத்தான் இருந்தாள், பொய் சொல்வானேன். பையன் மைலோவை என் சோபாவில் கொட்டினான். கொட்டிவிட்டு உடனே அவள் நெற்றியைப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. கப்பில் மிச்சமிருந்ததையும் மெதுவாகச் சாய்த்தான்.

"டேய்!" என்றாள். முகம் அப்படியே இருந்தது.

பையன் என் பக்கம் திரும்பி, "பாட்டி கோவமா இருக்காங்களா?" என்று கேட்டான்.

"ரொம்ப" என்றேன்.