கொல்ஹாப்பூரில் ஒரு பஸ்கி கணக்கு

கொல்ஹாப்பூர் போகிறவர்கள் மூன்று காரியங்களைத் தவறாமல் செய்கிறார்கள். மகாலட்சுமியைத் தரிசிக்கிறார்கள். தோல் செருப்பு வாங்குகிறார்கள். மிசல் சாப்பிட்டுவிட்டு, கண்ணில் நீர் வழியத் தண்ணீர் தேடுகிறார்கள். நாலாவதாக ஒன்று உண்டு. அதற்கு விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள்!

அதுதான் தாலீம்... அதாவது குஸ்தி பழகும் இடம். கங்காவேஸ், மோதிபாக் என்று பழைய தாலீம்கள் இந்த ஊரில் பிரசித்தம். குஸ்திக்கு வாரி வழங்கியவர் சாஹு மகாராஜா. அவர் கட்டிய காஸ்பாக் மைதானம் 1912-லிருந்து இருக்கிறது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கத்தை வாங்கிய காஷாபா ஜாதவ், இந்த ஊர் ராஜாராம் கல்லூரி மாணவர்.

உள்ளே செம்மண் கோதா. சுவரில் அனுமார். லங்கோடு கட்டிய பையன்கள் 'பைட்டக்' போடுகிறார்கள். வேறொன்றுமில்லை, நம்ம பஸ்கிதான்! தோளில் பாரம் கிடையாது. ஆனால், பின்பக்கம் குதிகாலைத் தொடும்வரை உட்கார்ந்து எழுகிறார்கள். நூறு, இருநூறு என்று போகிறது. பாதியில் எழுந்தால் வஸ்தாது கணக்கில் சேர்ப்பதில்லை. (அங்கேயும் வஸ்தாதுதான்!)

அதே ஊரில் ஒரு ஜிம்முக்கும் போனேன். ஓர் இளைஞர் 100 கிலோவைத் தோளில் ஏற்றி, நாற்காலியில் உட்காரப் போய் மனசு மாறியவர் மாதிரி லேசாக மடங்கி நிமிர்ந்தார். "எப்படி ஸார்?" என்று பெருமையாக ஒரு பார்வை வேறு.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். 100 கிலோ, 20 சென்டிமீட்டர். இன்னொருவர் 60 கிலோவை வைத்துக்கொண்டு 50 சென்டிமீட்டர் இறங்கி ஏறுகிறார். பாரத்தைத் தூரத்தால் பெருக்குங்கள். முதலாமவர் செய்த வேலை 20, இரண்டாமவர் செய்தது 30. போர்டில் பெரிய நம்பர், லாபத்தில் சின்ன நம்பர்!

இன்னொன்றும் உண்டு. குடத்தை இடுப்பில் வைத்துக்கொள்வது சுலபம். கையை நீட்டிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். பஸ்கியிலும் அப்படித்தான். தொடை தரைக்கு இணையாக வரும்போது, இடுப்பும் முழங்காலும் பாரத்துக்கு நேராக இல்லாமல் ரொம்பத் தள்ளிப்போய் விடுகின்றன. கஷ்டமான இடம் அதுதான். அரைகுறை பஸ்கிக்காரர் அந்த இடத்துக்கு விஜயமே செய்வதில்லை. அதனால்தான் அவரால் அவ்வளவு ஏற்ற முடிகிறது.

2019-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், பத்து வாரம் சிலருக்கு முழு பஸ்கி, சிலருக்கு அரை பஸ்கி கொடுத்தார்கள். முன்தொடை இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தது. பின்பக்கத் தசையும் உள்தொடையும் முழு பஸ்கிக்காரர்களுக்கே அதிகம் வளர்ந்தன. பழகிய ஆழத்தில்தான் பலமும் அதிகம் சேரும். எதிராளியின் காலைப் பிடித்துத் தரையோடு தரையாகக் கிடந்து எழ வேண்டிய பயில்வானுக்கு, மேலே மட்டும் பலம் இருந்து என்ன பிரயோஜனம்?

நமக்கும்தான். பந்தியில் உட்கார்ந்தால், எழும்போது பக்கத்து இலைக்காரரின் தோளைத் தேடுகிறோமே, அந்தப் பலமும் கீழேதான் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் வலிக்காத அளவோடு நிறுத்தலாம், தப்பில்லை. மற்றவர்கள் எடையைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப் பாருங்கள்.

தாலீமைப் பார்த்த வேகத்தில் முதல் நாளே நூறு வேண்டாம். பத்து போதும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது விஷயம் புரியும்!