தொலைஞ்சு போன ரெண்டு சைபர்

இன்னைக்குக் கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம். புரியாதவங்க நடுவுல ரெண்டு பத்தியைத் தாண்டிப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

நமக்கு எர்ணாவூர். எங்க தெருவுல பாதி வீடு துறைமுகத்தை நம்பித்தான் ஓடுது. எதிர்வீட்டு அண்ணன் டிரெய்லர் ஓட்டுறார். நான் ஒரு கன்டெய்னர் யார்டுல (பேரெல்லாம் வேணாம்) வர்ற ஃபைல்களைக் கோத்து லிஸ்ட் போட்டுக் கொடுக்கிறவன். போன வருஷம் ஒரு ராத்திரி, நான் போட்ட லிஸ்டால அந்த அண்ணன் எண்ணூர் விரைவு சாலையில விடியற வரைக்கும் நின்னார். சீட்டுல ஒரு நம்பர், பெட்டியில வேற நம்பர். கேட்டுல ஓரங்கட்டச் சொல்லிட்டாங்க. அடுத்த டிரிப்பும் போச்சு, அதுக்கான பேட்டாவும் போச்சு.

காலையில வீட்டு வாசல்ல பல் விளக்கிட்டு நிக்கிறேன், கையில சீட்டோட வந்தார். கத்தலை. "இன்னா தம்பி, பெட்டியில முன்னால ரெண்டு சைபர் இருக்கு. உன் சீட்டுல காணோம். எங்க தொலைச்ச?" அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தாக்கூட தேவலைன்னு இருந்துச்சு.

கன்டெய்னர் நம்பர்ங்கிறது 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியா ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஐஎஸ்ஓ 6346 சொல்ற கணக்கு. எங்களுக்கு வர்ற ஃபைல்ல எழுத்து ஒரு காலம், 7 இலக்கமும் அடுத்த காலம். நான் இதை நியூஷெல்லுல ஓட்டுறேன். 2019-ல வெளிவந்த ஷெல், ரஸ்ட் மொழியில எழுதினது. பழைய ஷெல்லுல பைப் வழியா போறது வெறும் எழுத்து. இதுல எண், தேதி, பட்டியல்னு வகை பிரிச்சே போகும். நமக்கு வேணுங்கிற கட்டளையை பிளகினா எழுதிச் சேர்த்துக்கலாம். பிளகின் தனி புரோகிராமா ஓடி, ஷெல்லோட ஜேசன்லயோ மெசேஜ்பேக்லயோ பேசிக்கும்.

சிக்கல் எங்கன்னா, சிஎஸ்வி ஃபைலைத் திறக்கும்போது நியூஷெல் தானாவே வகையை ஊகிக்கும். 0048213-ன்னு இருந்தா "அட, எண்ணு"ன்னு 48213 ஆக்கிடும். அது பண்றது தப்புன்னு சொல்ல முடியாது, கூட்டிக் கழிக்கிறவனுக்கு அதுதான் வேணும். என் பிளகினுக்குள்ள நான் கையால எழுதின மாற்றி ஒண்ணு இருந்துச்சு. எழுத்தா வந்தா அப்படியே எடுத்துக்கோ, எண்ணா வந்தா எழுத்தாக்கிக்கோன்னு. எது வந்தாலும் நிக்காம ஓடணுமேன்னு பெரிய புத்திசாலித்தனமா எழுதினது. அதனாலதான் ஒரு சத்தமும் வரலை. சைபர் போனது எனக்கும் தெரியலை, ஷெல்லுக்கும் தெரியலை. கேட்டுல நின்னவருக்குத்தான் தெரிஞ்சுது.

அன்னைக்கு லீவு போட்டுட்டு அந்த மாற்றியைத் தூக்கிட்டேன். 80 வரி. அதுக்குப் பதிலா ஸ்ட்ரக்ட் மேல ஒரே வரி: #[டெரைவ்(ஃப்ரம்வேல்யூ, இன்டூவேல்யூ)]. (லாரி டிரைவ் இல்லீங்க, இது டெரைவ்!) நியூஷெல்லுல இந்த மேக்ரோ 2024-ல வந்துச்சு. நாம ஸ்ட்ரக்ட்ல ஒவ்வொரு புலத்துக்கும் பேரும் வகையும் எழுதினா போதும். ஷெல் கொடுக்கிற ரெக்கார்டை ஸ்ட்ரக்ட்டா மாத்துறதும், திருப்பி ரெக்கார்டா அனுப்புறதும் கம்பைல் ஆகும்போதே தானா எழுதிக்கும். ஃபைல்ல காலம் பேர் நடுவுல இடைவெளி இருந்துச்சு, ரஸ்ட்ல அப்படிப் பேர் வைக்க முடியாது. அதுக்கு புலத்து மேல ரீநேம்னு ஒரு குறிப்பு போட்டா சரியாயிடுது.

நம்பர் புலத்துக்கு வகை: ஸ்டிரிங். ஓட்டினேன். முதல் வரியிலேயே மூக்குல குத்தின மாதிரி நின்னுது. இன்ட்டை ஸ்டிரிங்கா மாத்த முடியாதாம். எனக்கு முதல்ல எரிச்சல்தான், பழசு ஒழுங்கா ஓடிட்டிருந்ததேன்னு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, இந்தச் சத்தம் ஆறு மாசம் முன்னாடியே வந்திருக்கணும். நான்தான் வாயைப் பொத்தி வெச்சிருந்திருக்கேன். ஃபைலைப் படிக்கிற கட்டளைக்கு "நோ இன்ஃபர்" கொடி கொடுத்தேன், சைபரெல்லாம் திரும்பி வந்துச்சு.

ஒண்ணு சொல்லணும். நான் அந்தப் புலத்துக்கு எண் வகைன்னு எழுதியிருந்தா இதே மேக்ரோ மறுபேச்சு இல்லாம சைபரை முழுங்கியிருக்கும். கன்டெய்னர் நம்பர் பேருக்குத்தான் நம்பர், அதை யாரும் கூட்டப்போறதில்லைன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதனால சரிபார்ப்பு இலக்கக் கணக்கையும் சேர்த்துட்டேன். எழுத்துக்கு 10-ல இருந்து மதிப்பு (11, 22, 33 கிடையாது), 1, 2, 4, 8-ன்னு பெருக்கிக் கூட்டி, 11-ஆல வகுத்தா வர்ற மீதி. 10 வந்தா 0.

பழைய லிஸ்ட் எல்லாத்தையும் எடுத்து இதுல ஓட்டிப் பார்த்தேன். இன்னும் மூணு பெட்டி அதே மாதிரி சைபர் இல்லாமப் போயிருக்கு. யாரோ ஒரு புண்ணியவான் கேட்டுல பேனாவால திருத்தி உள்ள விட்டிருக்கணும், எங்க காதுக்கு வரலை.

சாயங்காலம் அந்தப் பேட்டா காசை எடுத்துட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். வாங்கிக்கலை. டீ குடுத்தாங்க. "மத்த மூணு பேர் யாருனு தெரியுமா?"ன்னு அண்ணன் கேட்டார். லிஸ்ட்ல வண்டி நம்பர் இருந்துச்சு. ரெண்டு பேரை அவருக்கே தெரியுமாம்.