புதியது போயும் பழையது ஏறாதபோது

மதுரை டிடிபி கடைகளில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா நோட்டீசும் யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்டுகளில் இன்றும் அமைக்கப்படுவதுண்டு. புதிய மென்பொருளில் அந்தக் கோப்புகள் குலைந்து திறந்தால், அதை நீக்கிவிட்டுப் பழைய பதிப்பை ஏற்றுவார்கள். சில சமயம் 1638 என்ற பிழை எண்ணோடு செட்டப் நின்றுவிடும். வேறொரு பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது என்பது அதன் பொருள்.

அன்இன்ஸ்டால் செய்த பிறகும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் புதிய பதிப்பின் பதிவு தங்கிவிடுவதே காரணம். ஃபான்ட்டுகளையும் கோப்புகளையும் முதலில் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். கணினியை ரீஸ்டார்ட் செய்தாலே சில மிச்சங்கள் அழியும். அழியாத பதிவை அகற்ற மைக்ரோசாஃப்ட்டின் இலவசக் கருவி உண்டு. அடுத்து, புரோகிராம் ஃபைல்ஸ், புரோகிராம் டேட்டா ஃபோல்டர்களில் கிடக்கும் எச்சத்தை அழிக்க வேண்டும். கடைசியாக, பழைய செட்டப்பை வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு இயக்கினால் பெரும்பாலும் ஏறிவிடும்.