கார்டிஃபில் தோற்றவர்

1989ஆம் ஆண்டு வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில், உலகப் பாடகர் போட்டியின் இறுதிச் சுற்றில் இரண்டு இளைஞர்கள் பாடினார்கள். ஒருவர் சைபீரியாவின் கிராஸ்நயார்ஸ்கிலிருந்து வந்த 26 வயது திமித்ரி ஹ்வரஸ்தோவ்ஸ்கி. மற்றவர் வட வேல்ஸின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, 23 வயது பிரின் டெர்ஃபெல். ஆங்கில நாளிதழ்கள் அதைப் 'பாரிடோன்களின் போர்' என்றே எழுதின. பரிசு சைபீரியருக்குப் போயிற்று. டெர்ஃபெலுக்குத் தனிப்பாடலுக்கான பரிசு கிடைத்தது.

அந்தப் பதிவுகளை அண்மையில் ஓர் இரவு அடுத்தடுத்துக் கேட்டோம். வெர்தியின் 'தோன் கார்லோ'வில் ரோத்ரிகோ சாகும் காட்சியை ஹ்வரஸ்தோவ்ஸ்கி பாடும்போது குரல் பட்டுத்துணி போல மடிப்பின்றி விரிகிறது. டெர்ஃபெலோ வாக்னரின் சபிக்கப்பட்ட மாலுமியாகவே நிற்கிறார். 23 வயதுக்கு அது எடை கூடிய பாத்திரம். ஓபராவில் கனத்த குரல்கள் முதிர முப்பதைத் தாண்டும் என்பார்கள். ஒலிபெருக்கியின் துணையில்லாமல், முழு இசைக்குழுவின் முழக்கத்தையும் கடந்து கடைசி வரிசைவரை சேர வேண்டிய குரல் அது. பெரும்பாலான போட்டிகளின் வயது வரம்போ முப்பதை ஒட்டியே முடிந்துவிடுகிறது. குரல் பழுப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது.

ஆண்டுதோறும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் நடுவராக அமர்பவர் நாம் என்பதால் இது நம்மை உறுத்துகிறது. மதிப்பெண் தாளில் குரல்வளத்திற்கு ஒரு கட்டம் உண்டு, தாளத்திற்கு ஒன்று உண்டு. பத்தாண்டு கழித்து இக்குரல் என்னவாகும் என்பதற்குக் கட்டமில்லை. சென்ற ஆண்டு இரண்டாமிடம் பெற்ற மாணவி மேடையிறங்கி வந்து, "எனக்கு எதுல குறைஞ்சுதுங்க ஐயா?" என்று கேட்டாள். இரண்டு மதிப்பெண் என்பதே உண்மையான விடை. அது விடையாகுமா? (மாதவி தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் பெற்ற அரங்கேற்றத்தில் இரண்டாமிடம் என்று ஒருத்தி ஒதுங்கி நிற்கவில்லை. இளங்கோவடிகளுக்கு அந்தச் சங்கடம் நேரவில்லை.)

ஆயினும் போட்டிகளே வேண்டாம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. காரணம், பிரெட்டி யெண்டே.

தென்னாப்பிரிக்காவின் பீட் ரெட்டிஃப் என்ற சிற்றூரில் 1985இல் பிறந்தவர் அவர். பதினாறு வயதில் தொலைக்காட்சியில் ஒரு விமான நிறுவன விளம்பரத்தின் பின்னணியில் இரு பெண்குரல்களைக் கேட்டார். இது மனிதரால் இயலுவதா என்று மறுநாள் பள்ளி ஆசிரியரிடம் கேட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அது 1883இல் பாரிசில் அரங்கேறிய தெலிபின் 'லக்மே'. இலட்சுமி என்ற பெயர் பிரெஞ்சு நாவில் தேய்ந்து லக்மே ஆயிற்று. நம் கடைகளில் விற்கும் முகப்பூச்சுக்கும் அங்கிருந்துதான் பெயர் வந்தது. நீலகண்டன் என்ற அந்தணரின் மகளும் பணிப்பெண் மல்லிகாவும் பூப்பறிக்கப் போகும் பாட்டு, இந்தியாவைக் காணாத ஒரு பிரெஞ்சுக்காரரின் கற்பனை, ஜுலு பேசும் வீட்டுச் சிறுமியைப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கணக்காளராக எண்ணியிருந்தவர் கேப் டவுனில் இசை பயின்றார். 2009இல் வியன்னாவின் பெல்வெடேர் போட்டியில் முதற்பரிசு, 2011இல் பிளாசிதோ தொமிங்கோ நிறுவிய ஒபராலியாவில் முதற்பரிசு. இத்தகைய போட்டிகளில் நடுவர் இருக்கைகளில் ஓபரா அரங்குகளுக்குப் பாடகர்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் அமர்ந்திருப்பார்கள். பரிசுத்தொகையைவிட அவர்கள் காதில் விழுவதே பெரிது. மிலானிலோ நியூயார்க்கிலோ யாரையும் அறியாத ஒரு பெண்ணுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருக்கும்? 2013 சனவரியில் நியூயார்க் மெட்ரோபாலிட்டனில், குறுகிய அவகாசத்தில் மற்றொருவருக்குப் பதிலாக ஏற்ற வேடத்தில் முதன்முதலாக மேடையேறியவர், நுழையும்போதே படியில் தடுக்கி விழுந்தார். எழுந்து பாடினார். அரங்கம் ஆர்ப்பரித்தது. விழுந்தெழுவதற்கு எந்தப் போட்டியிலும் மதிப்பெண் கிடையாது.

ஹ்வரஸ்தோவ்ஸ்கி 2017 நவம்பரில், 55 வயதில், மூளைப் புற்றால் இறந்தார். நோய் தெரிந்த பிறகும் 2015இல் மெட்ரோபாலிட்டனில் பாடியபோது இசைக்குழுவினர் வெள்ளை ரோசாக்களை மேடைமீது எறிந்தனர். கார்டிஃபில் தோற்ற டெர்ஃபெல் பின்னாளில் வாக்னரின் வோட்டானாக உலக அரங்குகளில் நின்றார். 2023 மே மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோது அவர் வேல்ஸ் மொழியில் பாடினார். அன்று அங்கே மஞ்சள் உடையில் பாடிய மற்றொருவர் பிரெட்டி யெண்டே.