செவ்வாய்க்கிழமையைக் காணோம்

பங்குச் சந்தையில் இந்த வாரம் என்ன நடந்தது என்று சனிக்கிழமைப் பத்திரிகையில் ஒரு பக்கம் போடுகிறார்களே, அதை நான் தவறாமல் படிப்பவன். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "கதை எழுதுகிறவனுக்கு ஷேர் மார்க்கெட்டில் என்னய்யா வேலை?" என்று கேட்கிறார்கள். அந்தப் பக்கம் முழுவதும் கதைதான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பக்கத்தின் உச்சியில் கொட்டை எழுத்தில், சென்செக்ஸ் இத்தனை புள்ளி ஏறியது அல்லது இறங்கியது என்று இருக்கும். அதன் கீழே காரணங்கள். அதற்கும் கீழே கட்டம் கட்டிச் சில துணுக்குகள்: சவரன் என்ன விலை, டாலருக்கு எத்தனை ரூபாய், தக்காளி ஏன் ஏறிற்று, எந்த ஊரில் மக்கள் எதை அதிகமாக வாங்குகிறார்கள் என்று இப்படி.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வார பலன் ஞாபகம் வரும். பாவம், ஜோசியர் வரப்போகிற வாரத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார். சந்தை நிபுணர் கெட்டிக்காரர். முடிந்துபோன வாரத்தைத்தான் சொல்கிறார். அமெரிக்காவில் வட்டி குறையும் என்ற எதிர்பார்ப்பினால் சந்தை ஏறியது என்பார். அடுத்த வாரம் இறங்கிவிட்டால், அந்த எதிர்பார்ப்பு முன்பே விலையில் சேர்ந்துவிட்டது, ஆகவே கிடைத்த லாபம் போதும் என்று விற்றுவிட்டார்கள் என்பார். ஒரே காரணம் ஏறுவதற்கும் உதவுகிறது, இறங்குவதற்கும் உதவுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் தொழிலிலும் இதே வித்தை உண்டு. கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி ஊரை விட்டுப் போகிறாள் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கான காரணத்தை மூன்றாவது அத்தியாயத்தில் கொண்டுபோய் வைப்போம். வாசகர்கள், "ஆகா, அப்போதே தெரிந்தது!" என்பார்கள்.

சென்செக்ஸ் என்பது பம்பாய்ப் பங்குச் சந்தையின் முப்பது பெரிய கம்பெனிகளின் விலையைச் சேர்த்துக் காட்டும் ஒரு குறியீட்டெண். 1986 ஜனவரியில் அதை வெளியிட ஆரம்பித்தார்கள். 1978-79-ஆம் ஆண்டின் நிலையை 100 என்று வைத்துக்கொண்டார்கள். 1990 ஜூலையில் அது 1,000 ஆயிற்று. 2006 பிப்ரவரியில் 10,000. 2021 ஜனவரியில் 50,000-ஐத் தொட்டது. இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், ஏதோ குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போனதுபோல் சுகமாக இருக்கிறது. நடுவில் வந்த ஜுரம், மாந்தம், படியில் உருண்டது எதுவும் இதில் தெரியாது.

பம்பாயில் 1850-களில் டவுன் ஹாலுக்கு எதிரே ஆலமரத்தடியில் கூடிப் பங்கு வாங்கி விற்ற தரகர்கள்தாம், 1875-ல் சங்கம் ஒன்று அமைத்தார்கள். நமது சென்னையிலும் 1937-லிருந்து பங்குச் சந்தை இருந்தது. செகண்ட் லைன் பீச்சில் அதன் கட்டடம். 2015-ல் அது சந்தைத் தொழிலிலிருந்து விலகிக்கொண்டது. கூவிக் கூவி விலை சொன்ன காலம் போய்விட்டது. இன்று ஆலமரம் எல்லார் சட்டைப் பையிலும் கைப்பேசியாக இருக்கிறது. பங்குகளை வைத்துக்கொள்ளும் டீமாட் கணக்குகள் நம் தேசத்தில் 2024-ல் 15 கோடியைத் தாண்டின. ஆகவே, ஒரு காலத்தில் தரகர்களும் செட்டுக்காரர்களும் படித்த பக்கத்தை, இன்று எங்கள் தெருவில் பால் வாங்கப் போகிறவர்கள்கூடப் படிக்கிறார்கள்.

எனக்கென்னவோ அந்தப் பக்கத்தில் துணுக்குகள்தாம் அதிகம் பிடிக்கும். லிப்ஸ்டிக் கணக்கு என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் அழகுசாதனக் கம்பெனி நடத்திய லெனார்டு லாடர் என்பவர் 2001-ல் சொன்னது அது. காலம் கெட்டுப்போய்ப் பெரிய செலவுகளுக்கு வழி இல்லாதபோது, பெண்கள் ஒரு லிப்ஸ்டிக்காவது வாங்கி மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்களாம். ஆகவே கஷ்ட காலத்தில் அதன் விற்பனை கூடுமாம். எப்போதும் அப்படி நடப்பதில்லை என்று பின்னால் மறுத்தவர்களும் உண்டு. 'எகானமிஸ்ட்' பத்திரிகை 1986-லிருந்து, ஒவ்வொரு தேசத்திலும் பிக் மாக் என்னும் ரொட்டிப் பண்டம் என்ன விலை என்று பார்த்து, அந்த தேசத்து நாணயத்தின் மதிப்பை எடை போட்டு வருகிறது. தீபாவளியன்று பங்குச் சந்தைக்கு விடுமுறை. ஆனாலும் நல்ல நேரம் பார்த்து ஒரு மணி நேரம் மட்டும் திறந்து வியாபாரம் செய்கிறார்கள். அட்சய திருதியையன்று ஒரு குன்றுமணித் தங்கமாவது வாங்கிவிட வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்கள் வெயிலில் வரிசையில் நிற்பதும் இந்த ரகம்தான்.

இந்தத் துணுக்குகளில் ஒரு மனிதர் தென்படுகிறார். அவருக்குப் பசி இருக்கிறது, ஆசை இருக்கிறது, பயம் இருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் நிற்கும் எண்ணில் அவர் இல்லை. எப்படி இல்லாமல் போகிறார் என்பதை 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்து முதல் வாரத்தில் எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். பேத்தியின் கல்லூரிப் பணத்துக்காகச் சேர்த்ததை, மருமகனின் யோசனைப்படி, சென்செக்ஸை அப்படியே பின்பற்றும் பரஸ்பர நிதி ஒன்றில் போட்டிருந்தார். ஜூன் 10-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய தொகை 3,85,000 ரூபாய். மே 31, வெள்ளிக்கிழமை, சென்செக்ஸ் 73,961. அன்று அவருடைய பணம் சுமார் 3,87,000. திங்கட்கிழமை விற்று எடுத்துவிடுவது என்று இருந்தார்.

சனிக்கிழமை மாலை பார்லிமெண்டுத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து கருத்துக் கணிப்புகள் வந்தன. திங்களன்று சந்தை 2,507 புள்ளி துள்ளியது. அவருடைய பணம் ஒரே நாளில் நாலு லட்சம் ஆயிற்று. "நாளைக்கு இன்னும் ஏறும் மாமா, ஒரு நாள் பொறுங்கள்" என்று மருமகன் போனில் சொன்னார். செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கை. முடிவுகள் கணிப்பை ஒட்டி வரவில்லை. சென்செக்ஸ் ஏறக்குறைய 4,390 புள்ளி விழுந்து 72,079-ல் நின்றது. அன்று மத்தியானம் தலைமையாசிரியர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். கையிலிருந்த போனை என்னிடம் காட்டவில்லை. மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "நாளைக்கும் இப்படியே போனால் கல்லூரிக்கு என்ன பதில் சொல்வது, தம்பி?" என்றார். மூன்று மணிக்குள் விற்கச் சொல்லிவிட்டார். கைக்கு வந்தது 3,77,000. எட்டாயிரம் குறைந்தது. அவருடைய மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பருப்பு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அது சீட்டுக் கட்ட வைத்திருந்த பணம்.

புதன், வியாழன் இரண்டு நாளும் சந்தை ஏறியது. வெள்ளிக்கிழமை ரிசர்வ் வங்கி வட்டியை மாற்றாமல் 6.5 சதவீதத்திலேயே வைத்தது. தேசத்தின் வளர்ச்சி 7.2 சதவீதமாக இருக்கும் என்றும் சொல்லிற்று. சென்செக்ஸ் 76,693-ல் முடிந்தது. சனிக்கிழமை அந்தப் பக்கம் வந்தது. வாரத்தில் 2,732 புள்ளி உயர்வு, அதாவது 3.69 சதவீதம். கணக்கு சரியானதுதான். வார லாபம் என்பது போன வெள்ளிக்கிழமைக்கும் இந்த வெள்ளிக்கிழமைக்கும் உள்ள வித்தியாசம். இடையில் இருக்கும் நாட்களுக்கு அந்த எண்ணில் இடம் கிடையாது.

தலைமையாசிரியர் அதைக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார். அறுபத்தெட்டு வயதுவரை பையன்களின் விடைத்தாளைத் திருத்தியவர் போல, விரலை ஓட்டி மறுபடியும் படித்தார். "எல்லாம் சரி தம்பி, இதில் செவ்வாய்க்கிழமையைக் காணோமே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார்.

பொறுத்திருந்தால் நாலு லட்சம் கிடைத்திருக்குமே என்று தெருவில் எல்லாரும் அவருக்குப் புத்தி சொன்னார்கள். வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும் என்பது செவ்வாய்க்கிழமைக்குத் தெரியாது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. பொறுமை நல்ல குணந்தான். 2020 மார்ச் 23-ஆம் தேதி சென்செக்ஸ் 25,981-க்கு இறங்கியபோது கலங்காமல் இருந்தவர்கள், பத்தே மாதத்தில் அது 50,000-ஐத் தொட்டதைப் பார்த்தார்கள். ஜப்பானிலும் பொறுமைசாலிகள் இருந்தார்கள். அந்த தேசத்து நிக்கெய் குறியீட்டெண் 1989 டிசம்பர் கடைசியில் 38,915 என்ற உச்சத்தில் இருந்தது. மறுபடி அதைத் தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பது வயதில் உச்ச விலைக்கு வாங்கியவருக்கு அப்போது அறுபத்து நாலு வயது ஆகியிருக்கும். பத்து மாதமா, முப்பத்து நாலு வருஷமா என்பதைப் பொறுமை தீர்மானிப்பதில்லை.

ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு தேதி இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பேத்தியின் பணத்துக்கு ஜூன் 10. கண் ஆபரேஷனுக்கு வைத்த பணத்துக்கு டாக்டர் சொல்லும் தேதி. கல்யாணப் பணத்துக்கு முகூர்த்த நாள். தேதி தெரியாத பணமும் கொஞ்சம் வீட்டில் இருக்கலாம். என்றோ ஒரு நாள் தள்ளாமைக்கு உதவட்டும் என்று வைத்தது. அதை எண்ணின் போக்கில் விட்டுவைக்க முடியும். தேதி குறித்த பணத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. சந்தை யாருடைய பஞ்சாங்கத்தையும் பார்ப்பதில்லை.

தலைமையாசிரியர் பேத்தியின் இரண்டாம் வருஷப் பணத்தை, மே மாதம் முதிர்கிற மாதிரி வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டார். வேறு கொஞ்சம் பணம் அதே நிதியில் இருக்கிறது. அதை அவர் எடுக்கவில்லை. சனிக்கிழமைப் பக்கத்தையும் விடவில்லை. சத்தமாகப் படிக்கிறார். அவர் மனைவிக்குச் சென்செக்ஸில் அக்கறை இல்லை. துணுக்குகள் வரும்போது மட்டும் அடுக்களையிலிருந்து குரல் வருகிறது: "தக்காளி கிலோ என்ன விலை போட்டிருக்கிறான்? அந்த விலைக்கு எந்தக் கடையில் கொடுக்கிறார்கள் என்று அதையும் போடச் சொல்லுங்கள்!"