கார்த்திகை மழையில் கிருஷ்ணகிரிச் சாலை

புதுச்சேரியில் தொடங்கித் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரியை அடையும் சாலை, கடலோரச் சமவெளியிலிருந்து புறப்பட்டுப் பீடபூமியின் விளிம்பில் முடிவதால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஊருக்கு ஊர் வேறுபட்ட வானிலையைச் சந்திக்கிறது. திண்டிவனத்துக்கு மேற்கே இது 77ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எனப்படுகிறது. இங்கே குளிர்காலத் தொடக்கத்தில் பயணத்தைத் தீர்மானிப்பது குளிர் அன்று. வங்கக்கடலிலிருந்து ஈரக்காற்றைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழையே. 2024ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயல் ஏறத்தாழ இச்சாலையின் தடத்திலேயே மேற்கு நோக்கி நகர்ந்தமையால், சாலையின் ஒவ்வொரு பகுதியும் எவ்விதம் இடருக்கு உள்ளாகிறது என்பதை அறிய அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த அப்புயல் பல மணி நேரம் நகராமல் அங்கேயே நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேலும், திண்டிவனத்துக்குத் தெற்கே உள்ள மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ.யும் மழை பதிவாயிற்று. சமவெளியில் பெய்த நீர் விரைந்து வடிவதில்லை. ஓர் ஏரி நிரம்பியதும் மிகுதி நீர் கலங்கல் எனப்படும் கல்கட்டின் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு அமைந்திருப்பதால், மழை ஓய்ந்த பின்னரும் தரைப்பாலங்களின் மேல் வெள்ளம் ஏறுவதுண்டு.

செஞ்சியில் நிலமே மாறிவிடுகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த கோட்டையின் ஊடாகவே சாலை செல்கிறது. அக்குன்றுகளின் வெற்றுப் பாறை நீரை உறிஞ்சாது என்பதால், பெய்தது உடனே சரிவில் இறங்கி ஓடைகளைப் பெருக்குகிறது. மழை நின்றால் அதே வேகத்தில் வற்றியும் விடுகிறது. கோட்டையைக் கட்டியோர் இந்த இயல்பை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குச் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் இன்றும் சான்றாக உள்ளன. 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இக்கோட்டையின் மதில்களைப் போற்றுவோர், அதன் நீர்நிலைகளையும் அதே அக்கறையுடன் காண வேண்டும். 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் புறப்பட்ட செஞ்சி மன்னன் தேசிங்கு ராஜன், வெள்ளம் புரண்டோடிய சங்கராபரணி ஆற்றைக் குதிரையில் கடந்து களம் சேர்ந்து மாண்டதாகச் சொல்லப்படுகிறது. பக்கமலைப் பகுதியில் தோன்றிப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கும் அந்த ஆறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே கிடப்பதால், அதன் கார்த்திகை வேகத்தை வெளியூரார் குறைத்து மதிப்பிடுகின்றனர்.

திருவண்ணாமலையில் ஃபெஞ்சல் புயலின்போது இடர் மலையிலிருந்தே இறங்கிற்று. டிசம்பர் 1 மாலை மழையில் ஊறிய சரிவு பெயர்ந்து வீட்டின் மேல் விழுந்ததில் எழுவர் உயிரிழந்தனர். இச்சாலையில் பயணிகள் மிகுதியாகத் திரளும் நாள் கார்த்திகை தீபம். அது டிசம்பர் 13 அன்று வந்தபோது, மண் இன்னும் இறுகாத நிலையில் பக்தர்கள் மலையேற அனுமதி மறுக்கப்பட்டது. கூட்டத்தின் மனவருத்தத்தை மீறி எடுக்கப்பட்ட அம்முடிவு சரியானதே.

செங்கத்துக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழைக்கும் பெரும் பங்கு உண்டு என்பதால், கார்த்திகையில் அடைமழையை யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் வலுவிழந்து உள்நாட்டுக்கு வந்த அதே புயல் ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைக் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த நீர், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த வேன்களையும் கார்களையும் அடித்துச் சென்றது. கடலிலிருந்து தொலைவில் இருப்பது பாதுகாப்பு என்னும் கருத்து அன்று பொய்த்தது. கிருஷ்ணகிரியில் சாலை பெங்களூரு நெடுஞ்சாலையோடு சேர்ந்து முடிய, புயலின் எச்சம் கர்நாடகத்தைக் கடந்து அரபிக்கடலை அடைந்தது.